சாவா மூவாப் பேராடும் சமதத்தியும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பாதி வழியில் அமைந்திருப்பது கீழ்பென்னாத்தூர். ஏரிப் பாசனத்தில் நெல்லும் மானாவாரியில் மணிலாவும் விளையும் ஊர்ப்புறம். இங்கிருந்து கிழக்கே சென்றால் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த திருநாதர்குன்று வரும்; அதற்கப்பால் மேல்சித்தாமூர் மடம். வடக்கே சென்றால் போளூரை அடுத்த திருமலை. வடகிழக்கே வந்தவாசிப் பக்கத்து வேடல். இந்நிலப்பரப்பின் பாறைகளில் தமிழ்ச் சமணர் விட்டுச் சென்ற எழுத்துக்களில் பெரும்பகுதி தானத்தைப் பற்றியது. யார், எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார் என்பதோடு அவை நின்றுவிடுவதில்லை. கொடுத்த பொருள் யாரிடம் இருக்க வேண்டும், எவ்வாறு வளர வேண்டும் என்பதையும் அவற்றுட் பல சொல்கின்றன. வறுமையில் வாடும் மகளிர்க்கும் குடும்பங்களுக்கும் உதவி வழங்க முற்படும் இக்கால அறக்கட்டளைகளுக்கு, அந்தப் பிற்பகுதியே மிகவும் வேண்டுவது.

முதலில் திருமலை. முதலாம் இராசேந்திர சோழனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், அதாவது 1024-25 அளவில், பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூர் வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, அம்மலையின் குந்தவை ஜினாலயத்துக்கு நந்தாவிளக்கு ஒன்றுக்காக இருபது காசும் திருவமுதுக்காகப் பத்துக் காசும் அளித்தாள். முப்பது காசையும் எண்ணெயும் அரிசியும் வாங்கிச் செலவழித்துவிடுவது அக்கால வழக்கமன்று. முதல் அழியாமல் நிற்க, அதன் பொலிசையாகிய வட்டியில் அறம் நடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் அவ்வட்டி விகிதம் தெளிவாகவே குறிக்கப்படுகிறது: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது இன்றைய கணக்கு. ஊர்ச் சபையாரும் வணிகரும் உழவரும் அம்முதலைப் பெற்றுத் தொழிலில் இட்டனர். பொலிசையை நெல்லாகவோ காசாகவோ அளந்தனர். கோயிலில் எரிந்த விளக்குக்குப் பின்னால் ஊருக்குள் சுழன்றுகொண்டிருந்த ஒரு கடன்நிதி இருந்தது.

வேடலில் உள்ள கல்வெட்டு இதனினும் பழையது. முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆண்டு, 885-ஐ ஒட்டியது. விடால் என்பது அவ்வூரின் பழம்பெயர். குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியார் அங்குப் பெரும் மகளிர் பள்ளி ஒன்றை நடத்தினார். தவத்தினரிடையே பிணக்கு எழுந்தது. அவ்வேளையில் ஊரைச் சேர்ந்த இல்லறத்தார், குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் காத்து ஊட்டும் பொறுப்பைத் தாமே ஏற்றுக் கல்லில் எழுதிக் கொடுத்தனர். பிணக்கில் நியாயம் யார் பக்கம் என்று தீர்த்துவிட்டு உணவளிக்கலாம் என அவர்கள் காத்திருக்கவில்லை. கற்கும் பெண்கள் பசியோடு இருக்கக் கூடாது என்பது முதலில் முடிவாயிற்று. ‘வழக்கு முடியட்டும், பார்க்கலாம்’ என்று கைவிடப்பட்ட பெண்களின் விண்ணப்பங்களைத் தள்ளிவைக்கும் வழக்கமுள்ள இடங்களில் இக்கல்வெட்டின் படி ஒன்றைச் சட்டமிட்டு மாட்டலாம்.

முதலாம் பராந்தகனின் முப்பத்தெட்டாம் ஆண்டு 945-ஐ ஒட்டியது. அவ்வாண்டுக்குரிய இரண்டு செய்திகளை அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். மதுராந்தகம் பக்கத்து ஆனந்தமங்கலத்தில், சினகிரிப்பள்ளியில் அடிகள் ஒருவர்க்கு நாள்தோறும் உணவளிக்க வர்த்தமானப் பெரியடிகள் ஐந்து கழஞ்சு பொன் வைத்தார். ஆர்க்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கத்தில், திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தி அடிகள் கிணறு ஒன்றைத் தோண்டுவித்தார். அக்கிணறும் ஒரு மனையும் பெண்பள்ளி ஆயின. இருபத்துநால்வர் அதன் காவலர் ஆயினர். முன்னது ஒருவருடைய சோறு. பின்னது நீரும் கூரையும். ஐந்து கழஞ்சில் ஒருவர் உண்ண, கிணற்றில் எத்தனை பேர் நீர் மொண்டனரோ, அதற்குக் கணக்கில்லை. இரண்டும் வேண்டியவையே. எனினும், தாமே துறவு பூண்ட ஒரு பெண், பின்வரும் பெண்களுக்காக முதலில் நினைத்தது கிணற்றை என்பது கருதத்தக்கது. தண்ணீருக்கு அலையும் பெண்ணுக்குக் கற்கவும் நேரமில்லை, சம்பாதிக்கவும் நேரமில்லை.

அறம் ஒருமுறை நிறுவப்பட்டால் தானே ஓடிக்கொண்டிருக்கும் என்றும் அக்காலத்தார் எண்ணவில்லை. அதே திருப்பான்மலையில் முதலாம் இராசராசனின் எட்டாம் ஆண்டுக் கல்வெட்டொன்று உண்டு. முன்னிருந்த இலாட அரசர்கள் கற்பூரவிலை என்னும் வருவாயைத் தாமே எடுத்துக்கொண்டதால் பள்ளிச்சந்தம் கெடுகின்றது என்று இலாடமகாதேவி தன் கணவனாகிய வீரசோழனிடம் முறையிட்டாள். அவனும் அவ்வருவாயைத் திருப்பான்மலைக்கே மீட்டுக் கொடுத்தான். கணக்கைப் பார்த்தவளும் ஒழுகல் எங்கே என்று கண்டவளும் அரசியே. தானம் செய்த பெண்களை நாம் எளிதில் நினைவுகூர்கிறோம்; தானம் சிதையாமல் தடுத்த பெண்ணுக்கு மலர்களில் இடம் குறைவு.

இனித் தலைப்பில் உள்ள ஆடுகளுக்கு வரலாம்.

சோழர் காலக் கோயில்களில், ஒரு நந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. அவ்வாடுகள் கோயிலில் கட்டிவைக்கப்படவில்லை. ஆயர் குடியைச் சேர்ந்த மன்றாடி ஒருவரிடமோ சிலரிடமோ ஒப்படைக்கப்பட்டன. பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு ஈனும் குட்டிகள் அவருடையவை. மிஞ்சிய பாலும் எருவும் அவருடையவை. மூத்தும் நோயுற்றும் குறையும் ஆடுகளுக்கு ஈடாகக் குட்டிகளை நிறுத்தி, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பது மட்டுமே கடமை. ஆதலின் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். தனி ஆடு சாகும், மந்தை சாவதில்லை. முதல் ஏழைக் குடும்பத்தின் கையில் நிற்க, பெருக்கம் அக்குடும்பத்துக்கே சேர, சிறுபகுதி மட்டும் பொதுவறத்துக்குத் திரும்பும் ஏற்பாடு இது. தஞ்சைக் கல்வெட்டுக்களில் மந்தையை ஏற்றவரோடு அவருக்கு அடைகுடிகளாக நின்ற உறவினர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் தவறினால் மற்றவர் ஈடுசெய்வர்.

இதைப் படிக்கும் எவருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அவை 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தொடங்கின; 1997-98-இல் மகளிர் திட்டமாக விரிந்தன. சுழல்நிதி, கூட்டுப் பொறுப்பு, வாரச் சேமிப்பு என்னும் சொற்கள் இன்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்களுக்கும் தெரியும். அவற்றோடு கூடவே நுண்கடன் நிறுவனங்களும் தெருவுக்குள் வந்தன. ஆண்டுக்கு இருபது விழுக்காட்டுக்கு மேல் அவற்றின் வட்டி அமைவது வழக்கம். தவணை நாளன்று வீட்டு வாசலில் கூடும் பேச்சு வேறு. கூட்டுப் பொறுப்பு என்னும் அதே ஏற்பாடு, முதலைக் கொடுத்தவன் யார் என்பதைப் பொறுத்துத் துணையாகவும் ஆகிறது, துரத்தலாகவும் ஆகிறது. அரைக்கால் காசுப் பொலிசையின் அருமை அங்குத்தான் விளங்கும்.

பன்னாட்டு அறிவும் இப்பக்கமே சாய்கிறது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் மிக வறிய பெண்களுக்குக் கடனாக அன்றிக் கொடையாகவே பசு முதலிய உடைமையைக் கொடுத்து, சில காலம் உணவுச் செலவும் பயிற்சியும் அளித்து, வாரந்தோறும் சென்று பார்க்கும் முறையைத் தொடங்கியது. அம்முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் 2015-இல் வெளியிட்ட முடிவு, உதவி நின்று ஓராண்டு கழிந்த பின்னும் பெரும்பாலான நாடுகளில் அக்குடும்பங்களின் உணவும் வருவாயும் உயர்ந்தே இருந்தன என்பது. இலவசமாகக் கொடுத்தால் சோம்பல் வளரும் என்னும் பழைய அச்சத்துக்கு அதில் சான்று இல்லை.

உடைமை கொடுப்பதில் சமணக் குடும்பங்கள் நிறுத்தி எண்ண வேண்டிய இடம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டு அரசு 2011-இல் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசுக்கு அது தகும். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட ஓர் அறக்கட்டளை, இறுதியில் கசாப்புக் கடைக்குச் செல்லும் உயிரைத் தானமாகக் கொடுக்க இயலாது. பால் வற்றிய பசு எங்கே போகும் என்ற வினாவுக்கும் விடை வைத்துக்கொண்டுதான் பசுவைக் கொடுக்க வேண்டும். பழைய மந்தை நெய்க்காக நின்றது. இன்றைய மந்தை தையல் இயந்திரமாக, செக்காக, மாவரைக்கும் எந்திரமாக, செவிலியர் படிப்புக்கான கட்டணமாக இருக்கலாம். வடநாட்டில் இவ்வழி முன்பே திறந்தது. இளமையிலேயே கணவனை இழந்த சந்தாபாய் 1921-இல் பீகாரின் ஆராவில் ஜைன பாலா விசிராமத்தை நிறுவினார். சேட் மாணிக்சந்தின் மகள் மகன்பாய் மும்பையில் சிராவிகாசிரமத்தை நடத்தினார். கைம்பெண்ணுக்கு அன்னமிடுவதோடு நில்லாது அவளை ஆசிரியையாக்கிய கூடங்கள் அவை.

இவ்வளவுக்கும் பின் ஓர் இடர் எஞ்சுகிறது. பணத்தை விடக் கடியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களை நீக்கினால் தமிழ்ச் சமணர் அதில் ஒரு பகுதியே. சிற்றூர்களில் தெருவே உறவு. கொடுப்பவர் பெரியப்பா முறை, வாங்குபவள் மகள் முறை. மணிலா பொய்த்த ஆண்டில் நகை அடகுக்குச் சென்றதைத் தெரு அறியாமல் மறைக்கும் குடும்பம், அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, விழா மேடையில் ஏறி, காசோலையோடு நிழற்படத்துக்கு நிற்குமா? மிகத் தேவையுள்ளவர் கேட்பதில்லை. கேட்டுப் பழகியவருக்கே உதவி சென்று சேர்கிறது.

இதற்கு விடையைச் சமண மரபு ஒரு சொல்லிலேயே வைத்திருக்கிறது. ஜினசேனாசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய மகாபுராணம், ஈகையை நான்காகப் பகுக்கிறது. துன்புறும் உயிர்க்கு இரங்கி அளிப்பது தயாதத்தி. துறவியர்க்குப் பணிந்து அளிப்பது பாத்திரதத்தி. தன் வழித்தோன்றலுக்கு உரிமையை ஒப்படைப்பது அன்வயதத்தி. தன்னோடு ஒத்த இல்லறத்தார்க்கு நிலமும் பொன்னும் அளிப்பது சமதத்தி. அம்மகாபுராணத்தைத் தழுவியதே தமிழ்ச் சமண இல்லங்களில் படிக்கப்பெறும் மணிப்பிரவாள ஸ்ரீபுராணம். விருஷப தேவருக்குச் சிரேயாம்ச மன்னன் அஸ்தினாபுரத்தில் கரும்புச்சாறு அளித்த கதையைக் குழந்தைகளும் அறிவர். ஆண்டுதோறும் அட்சய திருதியையில் அது சொல்லப்படுகிறது. அது பாத்திரதத்தி. சமதத்திக்கு விழா இல்லை. அதனாலோ என்னவோ, ஒரே ஊரின் ஒரே ஜினாலயத்தில் அருகருகே நின்று வணங்கும் இருவரிடையே நடக்கும் கொடுக்கல், இரக்கக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. வாங்குபவள் கூசுவது அதனால்தான். சமதத்தி என்று அதைக் கொண்டால் படிவம் மாறும், மேடை வேண்டாததாகும். மூத்த பெண்கள் இருவர் வீட்டுக்கே சென்று பேசுவது போதும். சமணர் 2014 சனவரி 27 அன்று தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட பின் டாம்கோ கடனும் கல்வி உதவித்தொகையும் திறந்திருக்கின்றன. சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் சென்று வருவதும் கொடையின் பகுதியே. அதற்குக் காசும் வேண்டாம்.

தஞ்சையின் ஆட்டுப் பட்டியல்களுக்கு ஒருமுறை திரும்பலாம். விளக்குக்குரிய மந்தையை ஏற்ற ஆயர்களின் பெயர்கள், அவர்தம் ஊர்ப்பெயரோடு, அங்கே வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. அவர்கள் அங்கே பயனாளிகளாக எழுதப்படவில்லை. இத்தனை ஆடு ஏற்றோம், இத்தனை நெய் அளப்போம் என்று ஒப்பந்தம் செய்தவர்களாகவே எழுதப்பட்டனர்.