அம்பாசடரும் வேண்டாம், ஃபியட்டும் வேண்டாம்! ஹெரால்டு வாங்கியவர்களின் கதை

இன்றைக்குக் கார் வாங்கக் கிளம்புகிறவர் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, எதை எடுப்பது என்று தெரியாமல் தலை சுற்றி வீடு திரும்புகிறார். 1960-களில் இந்தியாவில் இந்தத் தொல்லையே கிடையாது. பயணிகள் கார் செய்த பெரிய கம்பெனிகள் மொத்தம் மூன்றுதான். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். முதலாவதின் அம்பாசடரையும் இரண்டாவதின் ஃபியட்டையும் தெரியாதவர் இல்லை. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள். வண்டலூர் என்றால் இப்போது மிருகக்காட்சிசாலைதானே ஞாபகம் வருகிறது!

மூன்றே கம்பெனி என்ற நிலைமை எப்படி வந்தது? வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்கிறவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதுவரை இங்கே வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இறக்குமதிக்கும் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. 1959-இல் கார் விநியோகத்துக்கே ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாங்கிய காரைக் குறிப்பிட்ட காலத்துக்கு முன் விற்பதற்கும் அனுமதி வேண்டும். ஃபியட்டுக்குக் காத்திருப்பு வருடக்கணக்கில் போனது.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் கார் வாங்குவது ஏறக்குறைய கல்யாணம் செய்வது மாதிரிதான். ஒரு முறைதான் நடக்கும், தப்பாகப் போனால் காலம் முழுக்க அனுபவிக்க வேண்டும்! அதனால் யாரும் விஷப்பரீட்சை செய்யத் தயாராக இல்லை. அப்பா அம்பாசடர் வைத்திருந்தால் பிள்ளையும் அம்பாசடர். அரசாங்க அதிகாரிக்கு அம்பாசடர். பம்பாய் டாக்ஸிக்கு ஃபியட். எந்த ஊரில் நின்றுபோனாலும் சரிசெய்ய ஆள் கிடைப்பார், விற்கப் போனாலும் விலை போகும். இதையெல்லாம் மீறி ஒருவர் 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்தார் என்றால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அந்தக் கார் அவருக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காமல் எப்படி இருக்கும்? அம்பாசடர் குண்டான கார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அப்படியே எடுத்துவந்தது. ஹெரால்டை வரைந்தவரோ ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். பின்னாளில் பி.எம்.டபிள்யூ கம்பெனிக்கும் கார் வடிவமைத்தவர். கூரான ஓரங்கள், மெல்லிய கம்பங்கள், பெரிய கண்ணாடிகள். உட்கார்ந்தால் நான்கு பக்கமும் தெரியும். கியர் கம்பி மற்ற இரண்டு கார்களிலும் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்க, ஹெரால்டில் தரையில் குட்டையாக நின்றது. திருப்புவதற்கு 25 அடி விட்டம் போதும். லண்டன் டாக்ஸிக்கு விதித்திருந்த அளவும் அதேதான் என்பது குறிப்பிடத்தக்கது. மயிலாப்பூர் சந்துக்குள் அம்பாசடர் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்புகிற இடத்தில் ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பிவிடும்.

பானெட்டைத் திறப்பது இன்னொரு வேடிக்கை. மேல்மூடி மட்டும் அல்ல, இரண்டு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமாகக் கவிழும். எஞ்சின் அப்படியே வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

இத்தனை வசதியும் ஒரு நெருக்கடியில் பிறந்தது என்பதுதான் சுவையான விஷயம். கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர வேறு ஆள் கிடைக்கவில்லை. எனவே அந்தக் காலத்திலேயே பழசாகிவிட்டிருந்த முறைக்குப் போனார்கள். கீழே தனிச் சட்டம், அதன் மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்த பாடி. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. சென்னைக்கு வந்தபோது டிரையம்ஃப் போய் ஸ்டாண்டர்டு ஆனது.

சரி, குறையே இல்லையா என்றால், நிறையவே இருந்தது. எஞ்சின் 948 சி.சி. மட்டுமே. அம்பாசடருக்கு 1489 சி.சி. ஆரம்பத்தில் இரண்டே கதவுகள். நம் ஊரில் கார் சொந்தக்காரர் பின் ஸீட்டில் உட்காருகிறவர். டிரைவர் ஸீட்டை மடக்கிக் கொடுக்க, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவது எந்தப் பெரிய மனிதருக்குப் பிடிக்கும்? ஆகவே 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டைச் சென்னையிலேயே உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்டு வந்ததே இல்லை!

பெரிய தலைவலி பின் ஆக்ஸில்தான். இடது சக்கரமும் வலது சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஏற்பாடு அது. மேடுபள்ளத்தில் சுகமாகப் போகும். ஆனால் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரம் உள்பக்கம் மடிந்து பின்பாகம் இழுத்துக்கொண்டு போய்விடும். தெரிந்து ஓட்டுகிறவருக்கு அது விளையாட்டு, தெரியாதவருக்கு ஆபத்து. பல மெக்கானிக்குகளுக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் சோழவரத்துக்குப் போனார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், அம்பாசடர், ஃபியட்களுக்கு நடுவே ஹெரால்டுகளும் ஓடின. பந்தயத்துக்கென்று கார் வாங்க வழியில்லாத நாட்டில், வீட்டுக் காரையே பிரித்து மேய்ந்துதான் பந்தயக் காராக்க வேண்டியிருந்தது.

1969-இல் கார் விலையை அரசே நிர்ணயிக்கத் தொடங்கியது. அந்த விலை கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இதற்கிடையே கவன்ட்ரியுடன் இருந்த தொடர்பும் அறுந்துவிட்டது. இங்கிலாந்தில் 1971-இல் ஹெரால்டு நின்றுபோனது. மறு வருடம் சென்னைக் கம்பெனி அதே ஹெரால்டின் முகத்தையும் முதுகையும் மாற்றி கெஸல் என்று விட்டது. எல்லோரும் குறை சொன்ன பின் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, மற்ற கார்களில் இருப்பது போன்ற ஒரே நேர் ஆக்ஸிலைப் போட்டார்கள்.

கம்பெனி சறுக்கியது இங்கேதான் என்று தோன்றுகிறது. குறையைச் சரிசெய்தது நியாயம்தான். ஆனால் ஹெரால்டை வாங்கியவர்கள் அது அம்பாசடர் மாதிரி இல்லை என்பதற்காகவே வாங்கியவர்கள். அவர்களுக்கு கெஸலில் புதிதாக எதுவும் இல்லை. அம்பாசடர், ஃபியட் வாங்குகிறவர்களோ அதே நேர் ஆக்ஸிலோடு பெரிய எஞ்சினும் ஊருக்கு ஊர் மெக்கானிக்கும் உள்ள தங்கள் வண்டியை விட்டு வருவார்களா? 1973-இல் பெட்ரோல் விலை வேறு எகிறியது. கெஸல் 1977-இல் நின்றது. அதன் பிறகு சில வருடங்கள் வேன்கள் மட்டும்தான்.

1985-இல் ஒரு கடைசி முயற்சி நடந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான பாடியைக் கொண்டுவந்து, அதற்குள் பழைய வேன்கார்டு காலத்து 2 லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். புலித்தோல் போர்த்திய மாடு! அதற்குள் 1983 டிசம்பரிலேயே 796 சி.சி. மாருதி 800 தெருவுக்கு வந்து, இலேசான, சுறுசுறுப்பான சின்னக் கார் வேண்டும் என்று நினைத்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஹெரால்டுக்கு ஆசைப்பட்டவர்களும் அப்படிப்பட்டவர்கள்தானே.

1988-இல் வண்டலூரில் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை வெகுகாலம் பூட்டிக் கிடந்து 2006-இல் ஏலத்தில் போனது. பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட்டும் அம்பாசடரும் அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஓடின. அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில்தான். தப்பிப் பிழைத்த ஹெரால்டுகளைப் பழைய கார் அணிவகுப்புகளில் பார்க்கலாம். யாராவது ஒருவர் பானெட்டை முன்னால் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருப்பார், சுற்றிலும் கூட்டம் நிற்கும்.