கொல்லைக்குப் புதுக்கோழி வந்த வழிகள்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கொல்லைக்கோழி என்பது வீட்டுப் பெண்களின் கைமுதல். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்த இந்த நிலம் 1995-இல் பெரம்பலூர் மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமானது. கொள்ளிடக் கரையை விட்டால் பெரும்பகுதி மானாவாரி. வரகும் கம்பும் சோளமும் விளைந்த காலத்தில் களத்தில் சிந்திய மணி, குப்பைமேட்டுப் புழு, வேலியோரத்துக் கறையான் இவற்றைத் தின்றே கோழி வளர்ந்தது. தீவனம் என்று யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. அவசரத்துக்கு ஒரு சேவலை விற்றால் பள்ளிக்கூடச் செலவோ மருந்துச் செலவோ முடிந்தது. அந்தக் காசுக்கு வீட்டு ஆண்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியதும் அநேகமாக இல்லை.

கோழியோடு இந்தப் பக்கத்துக்கு உள்ள உறவு பழையது. சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்ற பெயர் உண்டு. யானையைக் கோழி எதிர்த்து வென்ற இடம் என்பது அதற்குச் சொல்லப்படும் கதை. வடக்கே விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் இறந்த சேவலுக்கு ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டில் நடுகல்லே நட்டிருக்கிறார்கள்.

இருக்கிற கூட்டத்தில் புதிய கோழியைச் சேர்க்க இந்த ஊர்களுக்குப் பழக்கமான முதல் வழி, கோழியைக் கொண்டுவராமல் முட்டையைக் கொண்டுவருவது. சிறுவிடை எனப்படும் நாட்டுக்கோழிப் பெட்டை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்கு உட்காரும். அப்போது, நல்ல இனம் உள்ள வீட்டிலிருந்து நாலைந்து முட்டையை வாங்கி, சொந்த முட்டைகளோடு கலந்து அடை வைப்பார்கள். வைக்கோல் பரப்பிய கூடையிலோ மணல் நிரப்பிய ஓட்டைப் பானையிலோ முட்டைகளை அடுக்கி, இடிக்குக் கெடாதிருக்க அடுப்புக்கரியும் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவது வழக்கம். 21 நாளில் குஞ்சு வெளியே வரும். தாய்க்கோழி தன் முட்டை, பிறர் முட்டை என்று பேதம் பார்ப்பதில்லை. அதன் இறக்கைக்குள் வளர்ந்த குஞ்சைக் கொல்லையின் மற்ற கோழிகளும் அந்நியமாக எண்ணுவதில்லை. வெளி இரத்தமும் வந்து சேர்ந்தது, சண்டையும் இல்லை. புதுக்கோழி சேர்ப்பதற்கு இதைவிட மென்மையான முறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றே சொல்லலாம்.

வளர்ந்த கோழி மூன்று வழிகளில் வந்தது. சந்தையில் வாங்குவது ஒன்று. மணமான பெண் தாய்வீட்டிலிருந்து கொண்டுவருவது இன்னொன்று. மூன்றாவது, வாரத்துக்கு வளர்ப்பது: ஒருவர் தரும் பெட்டையை மற்றவர் வளர்த்து, பொரித்த குஞ்சுகளை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கையில் காசில்லாத குடும்பம் கோழி வளர்ப்பில் நுழைந்தது பெரும்பாலும் வாரத்தின் மூலம்தான்.

இப்படி வந்த கோழியை அப்படியே அவிழ்த்துவிட்டால் இரண்டு தொல்லை. உள்ளூர்க் கோழியானால் பழைய வீட்டுக்கே திரும்பி ஓடிவிடும். வெளியூர்க் கோழியானால் கொல்லைக் கோழிகள் கொத்தி விரட்டும். ஆகவே காலில் துணிக்கயிற்றைக் கட்டித் திண்ணைத் தூணிலோ முருங்கை மரத்திலோ சில நாள் கட்டிவைத்தார்கள். அல்லது பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடினார்கள். பஞ்சாரத்தின் மூங்கில் இடைவெளி வழியே புதுக்கோழியும் பழைய கோழிகளும் ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்திக் காயப்படுத்த முடியாது. தீனியை அதன் பக்கத்திலேயே இறைத்தால் கூட்டம் அங்கே வந்து மேயும். பிறகு ஒருநாள் பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குள் மற்றவற்றோடு விட்டுவிடுவார்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டைக்கும் எழாது. விடியும்போது எல்லாம் ஒரே கூட்டிலிருந்து இறங்கும். ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டாகச் சேர்த்து விட்டால் அடி பகிர்ந்துபோகும் என்பதும் வளர்த்தவர்கள் அறிந்தது.

இந்த முறை ஏன் பலித்தது என்பதை நார்வே நாட்டு அறிஞர் தார்லைஃப் செல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் கண்டறிந்தது விளக்குகிறது. சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து கவனித்தவர் அவர். ஒவ்வொரு கூட்டத்திலும் யார் யாரைக் கொத்தலாம் என்று மேலிருந்து கீழாக ஒரு வரிசை இருக்கிறது. புதிய கோழி நுழையும்போது அதன் இடம் முடிவாகும்வரை சண்டை நடக்கும், முடிவானதும் ஓயும். பஞ்சாரத்தில் கழியும் நாட்களில் முகப்பழக்கம் ஏற்படுவதால் இந்தச் சண்டை குறைகிறது.

சண்டையை வென்ற அந்த முறை நோயிடம் தோற்றது. கட்டிவைத்தாலும் மூடிவைத்தாலும் புதுக்கோழி இருந்தது அதே கொல்லையில்தான். தின்றது அதே மண்ணில், குடித்தது பெரும்பாலும் அதே சட்டியில். சீக்கு வந்த ஊரில் கோழியைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடும் வழக்கம் வேறு இருந்தது. அதை வாங்கி வந்த வீட்டில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, சில நாளில் கூடு காலியாகும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இந்நோய் 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே குமாவுன் மலையின் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு, இந்தியாவில் அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. அதே மலைப்பகுதியின் முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் 1940-களில் தடுப்பூசிக்குரிய நச்சுயிரி வகை உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1932-இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசியைத் தயாரித்துத் தந்தது.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கொல்லையும் மாறிவிட்டது. நாமக்கல் பண்ணைகளின் தீவனத் தேவை வரகையும் சோளத்தையும் ஒதுக்கிப் பெரம்பலூரை மக்காச்சோள மாவட்டமாக்கியது. அரசுத் திட்டங்கள் நாலு வாரக் குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாகக் கிராமத்துப் பெண்களுக்கு வழங்கின. ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்றவை ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் முட்டையிடக்கூடியவை; சிறுவிடையோ அதில் பாதியளவே இடும். ஆனால் இந்த இனங்களுக்கு அடை உட்காரும் குணம் மிகக் குறைவு. ஆகவே கூட்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. வெளியிலிருந்து குஞ்சு வந்துகொண்டே இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது நடந்த புதுக்கோழிச் சேர்ப்பு இப்போது அடிக்கடி நடக்கிறது. நாலு வாரக் குஞ்சைத் தாய்க்கோழி ஏற்காது. பெரிய கோழிகளுக்கு நடுவே விட்டால் தீனி எட்டாமல் மெலியும், கொத்துப்பட்டுச் சாகும். உருவத்தில் ஏறக்குறைய சமமாகும்வரை, அதாவது மூன்று மாத அளவுக்கு, தனியே வளர்ப்பதுதான் சரி. முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சிறுவிடையை முற்றாகக் கைவிட்ட வீடுகள், அடைக்கோழி என்ற தங்கள் பழைய பலத்தை இழந்தன. நாலைந்து சிறுவிடைப் பெட்டைகளையாவது வைத்துக்கொள்வது நல்லது.

வாலிகண்டபுரத்திலுள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையமும், சோழமாதேவியிலுள்ள கிரீடு வேளாண் அறிவியல் மையமும் இம்மாவட்டங்களின் உழவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. நோயைத் தடுக்க, கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. வெள்ளைக்கழிச்சல் கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளித்தெரிய இரண்டு நாள் முதல் பதினைந்து நாள்வரை ஆகலாம். எனவே புதிதாக வாங்கிய கோழியை, கொல்லைக்கு எட்டத்தில், தனித் தட்டு, தனித் தண்ணீரோடு மூன்று வாரம் வைத்திருந்து, தடுப்பூசி போட்ட பிறகே பஞ்சாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமேல் செய்யவேண்டியதெல்லாம் பாட்டிமார் செய்த அதே முறைதான்.