எண்ணூர்க் கழியும் இலைச்சாற்று வெள்ளியும்

வெள்ளி நைட்ரேட் கரைசலில் வேப்பிலைச் சாற்றைச் சேர்த்தால், தெளிந்த நீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு காப்பி டிகாக்‌ஷன் போலப் பழுப்பேறும். சாற்றிலுள்ள சேர்மங்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைத் தந்து உலோகமாக்குகின்றன. துகளின் மேல் போர்வையாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலையால் வெள்ளி, தங்க நானோதுகள்களை ஆக்கி 2004-இல் வெளியிட்டது. நச்சு வேதிப்பொருளும் கடும் வெப்பமும் வேண்டாத இம்முறையைப் ‘பசுமைத் தொகுப்பு’ என்கிறோம். அந்தப் பசுமை ஆக்கும் முறைக்கு உரியது. ஆக்கிய பொருள் நீரில் போய்ச் செய்யும் வேலைக்கும் அதே பெயரைச் சூட்டுவது தவறு என்பதே என் வாதம். அதைச் சோதிக்க எண்ணூர்க் கழியை விடத் தக்க இடம் இல்லை.

2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைக் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிக்குள் புகுந்தது. அள்ளியது போக மிஞ்சியதைச் சேற்றுப் பாக்டீரியாக்கள்தாம் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. வெள்ளித் துகளின் பெருமையோ பாக்டீரியாவைக் கொல்வது. ஆய்வகத் தட்டில் துகளைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் நாம் மகிழ்ந்து அளக்கும் வெற்று வளையம், கழிச்சேற்றில் துப்புரவுப் பணியாளர்களை ஒழித்த இடமாக ஆகக்கூடும்.

இன்னொன்று, உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி, குளோரைடு குறைந்த நீரில் வெள்ளி குளோரைடாகப் படியும். குளோரைடு மிகுந்த நீரில் மீண்டும் கரையும் கூட்டயனிகளாக மாறும். உப்பு துகள்களைத் திரட்டவும் செய்யும். கழியில் ஏற்றவற்றத்துக்கும் மழைக்கும் ஏற்ப உப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் கண்ட முடிவு இங்கே எந்த வேளைக்குப் பொருந்தும்? இலையும் அப்படித்தான்: பருவமும் மண்ணும் மாறினால் சாறு மாறும், துகளின் அளவும் மாறும்.

மருத்துவத்தில் வெள்ளியை நான் மறுக்கவில்லை. புண்கட்டுத் துணியில் அதன் இடமும் அளவும் நம் கைக்குள் இருக்கின்றன. திறந்த கழியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நீர்ச் சுத்திகரிப்புக்கு இரும்பை எடுக்கலாம். தேயிலைப் பாலிஃபீனால்களால் இரும்பு நானோதுகள் ஆக்கும் முறை 2009-லேயே வெளிவந்திருக்கிறது. நானோ இரும்பு, ஆறு இணைதிறக் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிற நிலைக்கு இறக்கும். காந்தத்தால் மீட்டெடுக்கவும் முடியும். அதையும் ஆலைக்குள், கழிவுநீர் வெளியேறும் முன், மூடிய தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும். தங்கும் கசடு எங்கே போகும் என்பதை ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் சொல்லியாக வேண்டும்.

சோதனைக்கு நீர் கழியின் முகத்துவாரத்திலிருந்து வரட்டும்: ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் ஒன்று, மழை விட்டபின் ஒன்று. கூடவே கழிச்சேறும், அதில் வளரும் இறாலும். கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் மணிக்கணக்கில் நிற்பது அந்தச் சேற்றில்தான்.