போர் வந்த கடல் – 12: யு-180 இறக்கிவிட்ட பயணி

மூழ்கடித்த கப்பல்களை எண்ணித்தான் நீர்மூழ்கிகளைப் போர் வரலாறு தரம் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் ஜெர்மனியின் யு-180க்குப் பெரிய இடமில்லை. 1942 மே மாதம் கடற்படையில் சேர்ந்து, 1944 ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு அழிந்தது. இடையில் அது மூழ்கடித்தவை இரண்டே கப்பல்கள். வேகத்துக்காகப் பொருத்திய ஆறு டீசல் எஞ்சின்கள் புகையும் வெக்கையுமாக மாலுமிகளை வாட்டியதுதான் மிச்சம். ஆனால் காரைக்கால் கரையில் நின்று கணக்குப் பார்த்தால், தமிழர் வாழ்வை இவ்வளவு ஆழமாகத் தொட்ட ஜெர்மன் நீர்மூழ்கி வேறில்லை என்பேன்.

1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் அதில் ஏறினார்கள். ஏப்ரல் 28 அன்று, மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகில் நனைந்தபடியே ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார்கள். ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜி ஏற்றார். பிரெஞ்சுக் காரைக்கால் 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனியை எதிர்த்த சுதந்திர பிரான்சின் தலைவர் ட கோல் பக்கம் சேர்ந்திருந்தது. ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பிழைக்கப்போன இந்த வட்டாரத்து மக்கள், 1942 முதல் ஜப்பானியர் பிடியில். நேதாஜியின் அழைப்பை ஏற்று ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

நேதாஜி வராவிட்டாலும் அந்தப் படை எழுந்திருக்கும் என்று வாதிடலாம். நடந்தது வேறு. பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரியாக இருந்த மோகன்சிங் 1942இல் திரட்டிய முதல் படை அந்த ஆண்டு டிசம்பரிலேயே கலைந்துபோனது. லீக்கை அதுவரை நடத்திய ராஷ் பிகாரி போஸோ முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்தார். விமானத்தில் வந்திருக்கலாமே என்றால், 1942இல் அந்த யோசனையும் கைகூடவில்லை. நாஜிகள் நேதாஜியை அனுப்பிவைத்தது இந்தியாமீது கொண்ட அன்பால் அல்ல என்பது உண்மை. அவர்களுடைய குற்றங்களை இந்தப் பயணம் கழுவிவிடாது. ஆனால் கப்பலை அனுப்பியவரின் நோக்கம் வேறு, அதனால் விளைந்தது வேறு. இம்பாலில் அந்தப் படை தோற்றதும் உண்மைதான். ஆனாலும் அதன் அதிகாரிகள் மீது 1945இல் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணை நாட்டையே கொதிக்க வைத்தது. கங்காணியின் அதட்டலுக்கு அடங்கிக் கிடந்த தோட்டத் தொழிலாளி துப்பாக்கி ஏந்தித் தளபதிகளோடு அணிவகுத்தபோது பெற்ற தன்மானத்தை இம்பால் தோல்வி பறிக்கவில்லை. யு-180இன் கணக்கில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

(தொடரும்)