இடைக்காலத் தொல்லியல் (பிரிட்டன்)

பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்த 5ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ 1500வரையான வாழ்க்கையை மண்ணிலிருந்து ஆராயும் துறை. இதற்கான கழகம் 1957இல்தான் உருவானது; பிந்தைய நூற்றாண்டுகளுக்கு 1960களில் தனிக் கழகம் வந்தது. வரி ஏடும் மடாலயக் கணக்கும் கிடைக்கும் காலத்துக்கு அகழாய்வு எதற்கு என்ற எண்ணம் அதுவரை வலுவாக இருந்தது.

அதை மாற்றியதில் பெரும்பங்கு யார்க்‌ஷரின் வொரம் பெர்சி என்னும் பாழூருக்கு உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார வரலாற்றறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1950இல் இங்கே தோண்டத் தொடங்கினார். பானையோடுகளில் தேர்ந்த ஜான் ஹர்ஸ்ட் 1952இல் சேர்ந்தார். 1990வரை கோடைதோறும் பணி நடந்தது. குறுகிய குழிகளை விட்டு, வீட்டின் பரப்பு முழுவதையும் படலம் படலமாகத் திறக்கும் டென்மார்க் முறையை அவர்கள் கையாண்டார்கள்.

அப்படித் திறந்ததால்தான் ஒன்று கண்ணில் பட்டது: குடியானவர் வீடுகளின் தரை நடுவில் குழிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிப் பெருக்கித் தேய்ந்த குழிவு அது. ஏழைகள் அழுக்கில் உழன்றார்கள் என்ற பழைய சித்திரத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை. துடைப்பத்தை எந்த நிலக்கிழாரின் கணக்கரும் எழுதிவைக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயே ஊரை அழித்தது என்ற கருத்தும் நிற்கவில்லை. கடைசிக் குடும்பங்கள் 1500ஐ ஒட்டி, ஆட்டு மேய்ச்சலுக்காக வெளியேற்றப்பட்டன.

துறைக்குள் இன்று பல சிறப்புப் பிரிவுகள் உள்ளன: பானையோடு, கட்டடம், நிலவமைப்பு, எலும்பு. வேகமாக வளர்ந்தவற்றில் ஒன்று எலும்பாய்வு. வொரம் பெர்சி இடுகாட்டுக் குழந்தைகளின் எலும்பிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு, ஏறத்தாழ 2 வயதுக்குள் தாய்ப்பால் நிறுத்தப்பட்டதை அறிய முடிந்தது. அதே ஊரில் கிடைத்த, வெட்டுத் தடமும் தீத்தடமும் கொண்ட 137 எலும்புகளின் தொகுதியைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. செத்தவர் எழுந்து நடமாடாதபடி உடலைச் சிதைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்த எலும்புகளுக்கு உரியவர்கள் வெளியூராராக இருப்பார்களோ என்று பல்லின் ஸ்ட்ரான்சியத்தைச் சோதித்தபோது, உள்ளூர்க்காரர்களாகவே தெரிந்தார்கள்.

1500க்குப் பிந்தைய காலத்தை ஆராயும் பிரிவில், காலத்தைக் கணிக்கக் கைகண்ட சான்று களிமண் சுங்கான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிலை விலை அதிகம், சுங்கானில் அதை இடும் கிண்ணம் சிறியது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. எளிதில் உடைந்து எறியப்பட்டதால் துண்டுகள் எங்கும் கிடைக்கின்றன.