விலையில்லா மென்பொருளின் விலை

'இலவசம்' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு 'விலையில்லா' என்று தமிழ்நாட்டு அரசு எழுதத் தொடங்கியது 2011-இல். விலையில்லா மிக்ஸி, விலையில்லா மடிக்கணினி. அந்த மடிக்கணினியைத் திறந்தால் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். இரண்டாவது சென்னையிலேயே உருவானது. எனக்குத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் திறந்தார்கள். "அது எதுக்குண்ணே இருக்கு?" என்று இரண்டாவதைக் காட்டி ஒரு பையன் என்னிடம் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விடுதலையையும் இலவசத்தையும் குறிக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வாழ்நாள் முழுக்க அந்தக் குழப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற' வேறு, 'விலையில்லா' வேறு. ஆனாலும் நம் அலுவலகங்கள் முதலாவதை இரண்டாவதாகவே வாங்கிக்கொண்டன. சென்னையின் கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் பாதி இந்தக் குழப்பம்தான்.

வரலாறு சின்னது, ஒரே நாளில் மாநகரப் பேருந்தில் சுற்றி வந்துவிடலாம். அடையாறு பக்கம் ஐஐடி. 1998 முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, பல ஆண்டுகள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே விண்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் கூடியது. அதே துறையில் படித்த பிரபு ராமச்சந்திரன் எழுதிய 'மாயாவி' என்ற முப்பரிமாணக் காட்சி மென்பொருளை இன்றும் உலகமெங்கும் அறிவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து சற்றுத் தெற்கே தரமணி டைடல் பார்க்கில் சி-டாக். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையம். மத்திய அரசு 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தை இந்த இரண்டும் சேர்ந்து நடத்தின. டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது இந்த முயற்சியிலிருந்துதான்.

நான்காவது நிறுத்தம் நந்தனம், தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே அண்ணா சாலையில் எல்காட் அலுவலகம். அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பது இந்த நிறுவனத்தின் வேலை. அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., 2007 வாக்கில் சொந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளும் லினக்ஸோடு போயின. நாடு முழுக்கச் செய்தியானது. மென்பொருள் உரிமத்துக்குக் கட்டும் பணம் மிச்சம் என்பதுதான் எல்லோருக்கும் புரிந்த வாதம்.

வாதத்தில் தப்பில்லை. ஆனால் அரசு அலுவலகத் தட்டச்சருக்கு உரிமத் தொகை ஒரு பொருட்டே இல்லை. அந்த நாட்களில் லினக்ஸ் என்று பேச்செடுத்தாலே எனக்குக் கிடைத்த முதல் கேள்வி, "சார், அதெல்லாம் சரி. இதுல வானவில் அடிக்க வருமா?"

அப்போது தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கோப்புகள் பெருமளவு வானவில் எழுத்துருவில் இருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்த பழைய முறை அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அரசாணை முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். லோயர், ஹையர் பாஸ் செய்த விரல்களுக்குப் பழகியதோ பழைய தட்டச்சு விசைப்பலகை. 1999-இலேயே அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியிருந்தும் விரல்கள் மாறவில்லை. யுனிகோடை அரசு தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி. அதாவது, இயங்குதளத்தை மாற்றச் சொன்னது முதலில். அதன்மேல் எழுதவேண்டிய எழுத்தை ஒழுங்கு செய்தது பிறகு. வண்டி முன்னால், மாடு பின்னால்.

2008-க்குப் பிறகு உமாசங்கர் எல்காட்டில் இல்லை. அரசில் இடமாற்றம் சகஜம். அதிகாரி போனதும் அவரோடு போகாமல் அலுவலகத்தில் தங்கும் அறிவு எவ்வளவு என்பதே கேள்வி. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி துறைகளுக்குத் தமிழக அரசு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வருடத்தில் இரண்டாவது தொடக்கம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பத்து வருடம் பாடுபட்டு, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. பக்கத்திலேயே கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களை உருவாக்கியது. பாடப்புத்தகமும் தேர்வும் கட்டற்ற மென்பொருளை வைத்தே அமைந்தன. பிள்ளைகள் லினக்ஸைத் திறந்தாக வேண்டும். சொல்லிக்கொடுக்க வகுப்பிலேயே ஆள் உண்டு. நம் மடிக்கணினியில் இரண்டும் இருந்தன. திறக்கச் சொல்ல பாடம் இல்லை, கேட்டால் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் இதுதான்.

சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும்? தி.நகரில் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவர்கள் முதலில் லினக்ஸைத் தொடவே இல்லை. பழைய கோப்புகளையெல்லாம் யுனிகோடுக்கு மாற்றினார்கள். அதற்கே இரண்டு மாதம். பிறகு விண்டோஸிலேயே லிபரே ஆபீஸைப் பழகினார்கள். மூன்றாவதாகத்தான் இயங்குதளம் மாறியது. ஆடிட்டருக்கு டேலி வேண்டும் என்பதால் ஒரு கணினியில் விண்டோஸ் அப்படியே இருக்கிறது; அதற்கு முறையாக உரிமம் வாங்கியிருக்கிறார்கள். கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார். அவருக்குச் சம்பளத்தோடு வாரத்தில் அரைநாள் இதற்கென்றே ஒதுக்கினார்கள். எந்தப் பதிப்பு, எப்போது புதுப்பித்தது, காப்புப்படி எங்கே, எல்லாம் தமிழில் ஒரு நோட்டில். "நான் லீவுல போனாலும் நோட்டு ஆபீஸ்ல இருக்கும்ல" என்றார். அவரால் முடியாததற்கு வெளியாள் ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள். தமிழில் 'கொ' எழுதினால் கொம்பு தனியே விழுகிறது என்பது மாதிரிக் கோளாறு வந்தால், முணுமுணுத்துவிட்டு விடாமல், அந்த மென்பொருளை எழுதுபவர்களுக்கே தெரிவிக்கிறார்கள்.

கட்டற்ற உரிமம் தருவது நான்கு உரிமைகள்: பயன்படுத்த, படித்துப் பார்க்க, மாற்ற, பகிர. முதல் உரிமைக்கு மட்டும்தான் ஆள் தேவையில்லை. மற்ற மூன்றுக்கும் படிக்கத் தெரிந்த கண்ணும் மாற்றத் தெரிந்த கையும் வேண்டும். நம் அரசாணைகள் முதல் உரிமையோடு நின்றுவிட்டன. மிச்சமான உரிமத் தொகையில் பாதியை அந்தக் கண்ணுக்கும் கைக்கும் செலவழித்திருந்தால், ஐஐடி வகுப்பறையில் மாதம் ஒரு சனிக்கிழமை சம்பளமில்லாமல் கூடிய இளைஞர்களில் நாலு பேருக்காவது நந்தனத்தில் நாற்காலி கிடைத்திருக்கும். கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் பிராசசர், நினைவகம், திரை அளவு எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் ஆளுக்கும் ஒரு வரி எழுத இன்னும் இடமிருக்கிறது.