படுத்துப்போன பட்டை

போடிநாயக்கனூரில் பழைய ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் பட்டறைகளில், நோயின் பெயரை ஓட்டுநரே சொல்லிவிடுவார். "அண்ணே, பின்பக்கம் பட்டை படுத்துருச்சு." மெக்கானிக் உடனே குனிந்து பார்ப்பதில்லை. பத்தடி தள்ளிப்போய் நின்று வண்டியின் பின்புறத்தைப் பார்க்கிறார். வலது பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையாது. இடது பக்கம் தாராளமாக நுழையும். பரிசோதனை அதோடு முடிந்தது. "புதுசு போடுவமா, அடிச்சுப் போடுவமா, இல்ல ஒண்ணு சேத்துக் கட்டிருவமா?" பெரும்பாலும் மூன்றாவதுதான் பதிலாக வரும்.

பட்டை எதை இழந்து படுத்தது என்று பார்த்தால், அந்த மூன்றாவது பதில் தப்பான மருந்து. ஆனாலும் அதைக் கேட்கிறவர் முட்டாள் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகின்றன என்பதைப் பட்டையின் பிறப்பிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

ஸ்பிரிங் பட்டைக்கான எஃகு கட்டடக் கம்பியின் ஜாதி இல்லை. அதில் கார்பன் 0.55 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பழைய வகைகளில் கூடவே 1.5 முதல் 2 சதவீதம் வரை சிலிக்கானும் உண்டு. தொய்ந்துபோகாமல் நிமிர்ந்து நிற்கும் பிடிவாதத்தை எஃகுக்குத் தருவது இந்தச் சிலிக்கான்தான். நீளப் பாளமாக உருட்டி வந்ததை அளவுக்கு வெட்டி, நடுவில் துளையிடுகிறார்கள். பட்டைகள் அடுக்கிய கட்டின் தலைவனான மெயின் பட்டைக்கு மட்டும் இரண்டு முனைகளையும் சுருட்டிக் கண் வைக்கிறார்கள். பிறகு 850 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வளைத்து, அப்படியே எண்ணெயில் முக்குகிறார்கள். அந்த நிலையில் எஃகு மிகக் கடினமாக இருக்கும். ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். 450, 500 டிகிரி அளவில் மறுபடி காய்ச்சி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் இறக்கிய பிறகே அது ஸ்பிரிங் ஆகிறது.

இதற்குப் பின் நடக்கும் இரண்டு வேலைகளை நம் பட்டறைக்காரர்கள் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒன்று, பட்டையின் உட்குழிந்த பக்கத்தின் மேல் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக வாரி இறைப்பது. வண்டியில் ஏறிய பிறகு இழுவையைத் தாங்கப்போவது அந்தப் பக்கம்தான். குண்டடி பட்ட மேல்தோல் உள்ளுக்குள் இறுகிக்கொள்வதால், விரிசல் அங்கே வாய் திறக்கச் சிரமப்படும். இரண்டாவது, பட்டைக்கட்டை அழுத்து இயந்திரத்தில் வைத்து, வாழ்க்கையில் அது சுமக்கப்போகும் எடைக்கும் மேலாக ஒருமுறை அமுக்கி எடுப்பது. முதல் தொய்வு தொழிற்சாலையிலேயே தீர்ந்துவிடும். ஹரியானாவின் யமுனாநகரில் தொடங்கிய ஜம்னா ஆட்டோ மாதிரியான நிறுவனங்கள் இதை இயந்திரக் கணக்கோடு செய்து அனுப்புகின்றன. உளியும் சம்மட்டியும் பின்னால் வந்து கலைக்கப்போவது இந்த இரண்டு ஏற்பாடுகளைத்தான்.

ஜீப்புக்கு ஏன் பட்டை, சுருள் ஸ்பிரிங் ஏன் இல்லை? 1804இல் லண்டனில் ஒபாடியா எலியட் குதிரை வண்டிக்குப் பட்டை ஸ்பிரிங்கைப் பதிவு செய்த காலத்திலிருந்தே அதற்கு ஒரு வசதி உண்டு. அது எடையையும் தாங்கும், அச்சு முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்தும் வைத்துக்கொள்ளும். கூடுதல் கம்பி, கை எதுவும் வேண்டாம். 1941இல் அமெரிக்கப் படைக்காகக் கால் டன் வண்டி என்று வகுக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் நான்கு மூலையிலும் பட்டைதான். 1947இல் மகிந்திரா மும்பையில் அந்த ஜீப்பைப் பூட்டத் தொடங்கியபோது பட்டையும் கூடவே வந்தது. பின்னால் நீண்ட பெஞ்சுகளோடு வந்த கமாண்டர் வரை அது மாறவில்லை.

பட்டைக்கு நம் ஊரில் ஜீப்பைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. பட்டை வைத்த வில் வண்டியில் ஏறுவது ஒரு காலத்தில் அந்தஸ்து. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில் வண்டி வாங்கி, தன் சாதிக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டிப் போனார், அடிதடி நடந்தது. குலுங்காமல் போகும் உரிமைக்காக ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்த அதே திருவிதாங்கூரின் மலைக்குத்தான் இப்போது போடி ஜீப்புகள் ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களெல்லாம் அன்றைக்கு அந்த ராஜ்ஜியத்துக்குள் இருந்தவை.

விடியும் முன்பே ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போனதும் தார்ச்சாலை விட்டுத் தோட்டத்து மண்பாதை. பின்பெஞ்சுகள் எத்தனை பேருக்கு என்று பதிவுச் சான்றிதழ் சொல்லும். எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்பதைக் கூலிக் கணக்கு சொல்லும். ஒரு நடைக்கு ஆகிற டீசலைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால்தான் வண்டிக்குக் கட்டும். தலை கூடினால் பங்கு குறையும். போலீசும் போக்குவரத்து அதிகாரிகளும் அவ்வப்போது நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒரு விபத்துக்குப் பிறகு சில வாரம் கூட்டம் குறையும், மறுபடி பழையபடி ஆகிவிடும். இந்த எடை முழுக்க ஏழெட்டுப் பட்டைகள் கொண்ட இரண்டு கட்டுகளின் மேல் இறங்குகிறது.

இங்கேதான் பட்டறைப் பேச்சுக்கும் எஃகின் நடத்தைக்கும் முதல் முரண். "பட்டை வலு போயிருச்சு" என்பார்கள். வலு போகவில்லை. எஃகின் விறைப்பு என்பது வயதானால் குறைகிற குணமில்லை. தொய்ந்த பட்டையையும் புதுப் பட்டையையும் பக்கத்தில் வைத்து ஒரே எடையை ஏற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கும். போனது வளைவு. தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப அமுக்கப்பட்டதில், எஃகின் உள்ளே படிகங்கள் நூலளவு நழுவி, பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிட்டன. அதனால் காலி வண்டியே தாழ்ந்து நிற்கிறது. மேலே கீழே அசைய இருந்த தூரத்தில் பாதி முன்கூட்டியே செலவாகிவிடுகிறது. ஆள் ஏறியதும் மிச்சமும் தீர்ந்து, அச்சு போய் ரப்பர் கட்டையில் இடிக்கிறது. உள்ளே இருக்கிறவர்களின் இடுப்பில் ஏறும் அடி இந்த ரப்பரிலிருந்து வருவது. பட்டை மென்மையாகிவிட்டதால் வருவது என்று நினைத்தால் வைத்தியம் திசைமாறிவிடும்.

வளைவு போனால் வளைவைத்தான் திருப்பித் தரவேண்டும். "அடிச்சுப் போடுறது" என்பது அதற்கான பழைய வழி. பட்டையை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே குழிந்த பக்கம் மேலாக வைத்து, விரல்கடை விரல்கடையாக நகர்த்திச் சம்மட்டியால் இறக்குவார்கள். கண்முன்னே பட்டை வளையும். பார்க்க அழகான வேலை. ஆனால் தொழிற்சாலையில் ஒரு திசையில் அமுக்கிப் பழக்கிய எஃகை இது எதிர்த்திசையில் அமுக்குகிறது. குண்டடியால் இறுகியிருந்த தோல் தளர்ந்து, இழுவை தாங்கவேண்டிய பக்கத்தில் இழுவையே தங்கிவிடுகிறது. சம்மட்டி விட்ட தழும்பு ஒவ்வொன்றும் விரிசலுக்கு அழைப்பு. புதுப் பட்டை வருடக்கணக்கில் இழந்ததை அடித்த பட்டை சில மாதங்களில் இழந்துவிடுவது இதனால்தான். சிவக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி பதமாகக் காய்ச்சி எடுக்கிறவர் கிடைத்தால் கதை வேறு. சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே காற்றில் ஆறவிடுகிறவரிடம் கொடுப்பதற்குப் பட்டையைக் கழற்றாமலே இருக்கலாம்.

இனி அந்த மூன்றாவது பதில். ஏழு பட்டைக் கட்டில் அதே கனத்தில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். கனமான பட்டையைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும், ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. பட்டை வைத்தால் ஒரு மி.மீ.தானே என்று தோன்றும். அந்த ஒரு பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடிவிடுகிறது. வண்டி நிமிர்ந்துவிடும். காலியாக இறங்கும்போது பின்சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும்; ஈரமான வளைவில் பிடிமானம் போகும். ஓட்டுநருக்கு இது தெரியாமலா? அவர் வளைவைக் கேட்கவில்லை, தாங்குதிறனைக் கேட்கிறார். நேற்று ஏற்றியதைவிட நாளைக்கு ஒருவர் கூட ஏறவேண்டியிருக்கிறது. பட்டை சேர்ப்பது அவருக்குப் பழுது பார்க்கிற வேலையே இல்லை, இருக்கையைக் கூட்டுகிற வேலை. நிமிர்ந்த உயரத்தை அடுத்த வாரமே மனித எடை நிரப்பிவிடும். பட்டை சேர்த்துக்கொண்டே போன வண்டியில் அடுத்து உடைவது சேஸிஸ் சட்டத்தின் பிராக்கெட்டும் அச்சும்.

என் கட்சி புதுக்கட்டுதான், அதையும் சோடியாக. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது பணத்தை மிச்சம் பிடிப்பதுபோல் தோன்றும். மற்ற பக்கத்தின் தொய்வை வெளிச்சம் போட்டுக் காட்டுவதுதான் அதன் பலன். யு போல்ட்டுகளையும் மாற்றவேண்டும். ஒருமுறை இழுத்து முறுக்கப்பட்டு நீண்டவை அவை. பழையதையே திரும்ப முறுக்கினால் பிடி நிற்காது. யு போல்ட் தளர்ந்தால் கட்டு அசையும், அசைந்தால் நடுவிலுள்ள சென்டர் போல்ட் வெட்டுப்படும், அது வெட்டுப்பட்டால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி நண்டு நடை நடக்கும். பட்டை அந்த போல்ட் துளையை ஒட்டி முறிவதற்கும் இந்தத் தளர்ச்சி ஒரு காரணம். புதுக்கட்டு போட்ட சில நூறு கிலோமீட்டருக்குள் திரும்ப வந்து முறுக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். வருகிறவர்கள் குறைவு.

சமன் பார்ப்பது தனிக் கலை. தரை சமமாக இருக்கவேண்டும், நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் டயரின் குறையைப் பட்டையின் மேல் போட்டுவிடுவோம். அச்சின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளக்கிறார்கள். அப்படியும் சாய்வு இருந்தால் இடது கட்டை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டிப் பார்ப்பது நல்ல தந்திரம். சாய்வும் கூடவே இடம் மாறினால் பட்டையில் கோளாறு. அதே பக்கம் நின்றால் சட்டம் முறுகியிருக்கிறது, பட்டைக்குச் செலவழிப்பது வீண்.

இரண்டு பக்கமும் ஒரே பட்டை போட்டால் வண்டி நேராக நிற்கும் என்பதும் முழு உண்மையில்லை. டீசல் டேங்க் ஒரு பக்கம் இருக்கிறது; ஓட்டுநர் எப்போதும் இருக்கிறார், பக்கத்தில் இருப்பவர் எப்போதாவது இருக்கிறார். பழைய லேண்ட் ரோவர்களுக்கு இங்கிலாந்தில் ஓட்டுநர் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வேறு வேறு வளைவுள்ள பட்டைகளையே செய்து கொடுத்தார்கள். தெரியாமல் மாற்றிப் போட்டவர் வண்டி புதுப்பட்டையிலேயே சாய்ந்து நின்றது. நம் கடைகளில் சோடிப் பட்டை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கிடைக்கும். அப்படியிருந்தும் காலி வண்டியில் ஓட்டுநர் பக்கம் அரை அங்குலம் தூக்கலாக இருந்தால் அதை நோய் என்று நினைத்துத் திருத்தப் போகக்கூடாது. ஆள் உட்கார்ந்ததும் அது தானே சமமாகும்.

கடைசியாகப் புஷ். ரப்பர் புஷ் போட்ட கண் போல்ட்டை ஜாக்கியில் வண்டி தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே நிற்கும். உயரமும் பொய் சொல்லும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். எடை தரையில் இறங்கிய பிறகு கடைசி முறுக்கு. கால் மணி நேரம் கூடுதலாகும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கிற மெக்கானிக்கை விட்டு நான் வேறிடம் போகமாட்டேன்.

கழற்றிய பழைய கட்டு பட்டறை ஓரத்தில் சில நாள் கிடந்து, எடைக்குப் போகிறது. லாரிப் பட்டை, பஸ் பட்டை, ஜீப் பட்டை எல்லாம் ஒரே குவியல். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற பாதையில் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறைகள் மாதிரியான இடங்களில் பட்டைக்கு மறுவாழ்வு உண்டு. கொல்லர்களுக்கு லாரிப் பட்டைதான் விருப்பம், கனம் கிடைக்கும். ஜீப் பட்டை மெலிசு. கதிர் அரிவாளுக்கும் கத்திக்கும் ஆகும். ஸ்பிரிங்காக அதை ஓய்வு பெறவைத்த காரணம் கொல்லருக்கு ஒரு பொருட்டே இல்லை. வளைவு போனதா, போகட்டும். அவருக்கு வேண்டிய கார்பன் அப்படியே இருக்கிறது. விரிசல் மட்டும் கூடாது. அதனால் பட்டையைத் தட்டி ஓசை பார்க்கிறார். சென்டர் போல்ட் துளை விழுந்த நடுப்பகுதியைத் துண்டித்து ஒதுக்குகிறார்.

மிச்சத்தை உலையில் வைத்து அடித்து நீட்டி, அலகு இறக்கி, வாய்ப்பக்கத்தை மட்டும் துவைச்சல் கொடுக்கிறார். முழு அரிவாளையும் முக்கினால் முள்விறகில் ஒரு போடு போட்டதும் முறிந்துவிடும். முதுகு நெகிழ்வாக இருக்கவேண்டும். அரிவாள் தப்பான கைக்குப் போய்விடக்கூடாது என்று 2021இல் காவல்துறை இந்தப் பட்டறைகளுக்கு வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொன்னது. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் தென்னை மரம் ஏறுகிறவர்கள், வாழைத்தோப்புக்காரர்கள், கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள். சாணை பிடிக்க அடுத்த வருடமும் அவர்கள் அதே உலைக்குத்தான் வருவார்கள்.